திருமணிமுத்தாற்றுக்கு ஒரு நீர் வாரியம்: அமைப்பதென்றால் எப்படி?

சேர்வராயன் மலையில் மஞ்சவாடிப் பக்கம் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் மாநகருக்குள் புகுந்து வெளியேறி, நாமக்கல் மாவட்டத்தில் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் சேர்கிறது. மழை விழுவது மேலே, கழிவு கலப்பது நடுவில், அதை இறைத்துப் பாசனம் செய்வது கீழே. ஆனால் நிர்வாகம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. மலைக்காடு வனத்துறையிடம், ஆறு நீர்வளத்துறையிடம். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்திடம். புறம்போக்குப் பதிவேடு வருவாய்த்துறையிடம். வண்டல் அள்ளுவதோ கனிம விதிகளின் கீழ் வருகிறது.

மேட்டூர் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கிய பிறகு உள்ளூர் நீரைப் பற்றிய கவலை நகரத்துக்குக் குறைந்துவிட்டது. சேலம் நகராட்சியின் குடிநீருக்காக 1911-ல் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரி, பின்னாளில் வறண்டு சீமைக்கருவேலக் காடாகிப் போனதே போதுமான சாட்சி.

இவற்றையெல்லாம் ஒரே கையில் சேர்க்க ஒரு நீர் வாரியம் அமைப்பதென்றால் முதலில் எல்லை. மாவட்ட எல்லை உதவாது, ஆற்றுப்படுகையின் எல்லைதான் வேண்டும். ஏற்காடு ஒன்றியத்திலிருந்து நாமக்கல் வரை ஒரே வாரியம். கலிபோர்னியாவில் 2014-ல் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தபோது, ஒரே படுகைக்குப் பல முகமைகள் கிளம்பின. பிறகு அவை தங்களுக்குள் ஒருங்கிணைப்பு ஒப்பந்தம் எழுத வேண்டியதாயிற்று. அந்தச் சுற்று நமக்கு வேண்டாம்.

அடுத்தது சட்ட வடிவம். இங்கேதான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். 1975 சங்கப் பதிவுச் சட்டத்தில் ஒரு சங்கம் பதிவு செய்வது எளிது. ஆனால் சங்கத்தால் கட்டணம் விதிக்கவோ போர்வெல்லுக்குத் தடை போடவோ முடியாது. கடைசியில் கூட்டம் நடத்துவதும் மரம் நடுவதுமாக முடியும். தனிச்சட்டம்தான் வழி. சென்னைக்கு 1978-ல் குடிநீர் வாரியச் சட்டமும், 1987-ல் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தன. மாநிலம் முழுமைக்கும் 2003-ல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் 2013-ல் திரும்பப் பெறப்பட்டது. சிறிய பரப்புக்கு, தெளிவான அதிகாரத்தோடு சட்டம் கேட்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

வாக்குரிமையை மக்கள்தொகைப்படி கொடுத்தால் மாநகராட்சியே எப்போதும் ஜெயிக்கும். மலை, நகரம், கடைமடை என மூன்று பகுதியாகப் பிரித்து, கட்டண மாற்றத்துக்கும் நீர் மடைமாற்றத்துக்கும் மூன்றிலும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். ஆட்சியர் தலைவராக இருக்கட்டும், தவறில்லை. ஆனால் அவர் மாறுதலில் போய்விடுவார். முழுநேரப் பொறியாளரும் நிலத்தடி நீர் வல்லுநரும் வாரியத்தின் சொந்த ஊழியராக இருந்தால்தான் கணக்கு அறுபடாது.

பணம்? விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், பெரும்பாலும் மீட்டர் கிடையாது. அங்கே கை வைத்தால் வாரியம் பிறந்த அன்றே செத்துவிடும். டேங்கர் லாரி, சாயப்பட்டறை, ஜவ்வரிசி ஆலை, பெரிய அடுக்குமாடி ஆகியவற்றின் போர்வெல்லில் மீட்டர் பொருத்தி, அங்கிருந்து தொடங்கலாம்.

கட்டணத்துக்கு முன்பே அளவு தொடங்க வேண்டும். மலையோடைகளில் ஓட்டத்தை அளக்க, ஓடைக்குக் குறுக்கே நிறுத்தும் 90 டிகிரி வி-நாட்ச் தகடு (V வடிவில் வெட்டிய தகடு) மலிவானது, நம்பகமானது. வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 20 செ.மீ. நின்றால் விநாடிக்குச் சுமார் 25 லிட்டர், 10 செ.மீ. என்றால் வெறும் 4.4 லிட்டர். உயரம் பாதியானால் ஓட்டம் ஆறில் ஒரு பங்கை ஒட்டிப் போய்விடுவதால் ஒரு செ.மீ. தவறும் பெரிய தவறு. அளவுகோலைத் தகட்டின் மேலேயே நடக்கூடாது. அங்கே நீர் சரிந்து வழியும். நீர் உயரத்தைப்போல் நான்கு மடங்கு தூரம், நீர் வரும் பக்கமாகத் தள்ளி நட வேண்டும். காப்பித் தோட்டத்துச் சருகு தகட்டை அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் யாராவது தினமும் போய்த் தள்ளிவிட வேண்டும்.

கிணறுகளில் மே மாதமும் ஜனவரியிலும் மட்டம் பார்த்தால் குறைந்தபட்சம் போதும். மோட்டாரை 12 மணி நேரமாவது நிறுத்திய பிறகே அளக்க வேண்டும். நம்முடையது கடும்பாறைப் பகுதி. திறந்த கிணற்றின் நீர் மேலுள்ள சிதைந்த பாறையில் நிற்பது, போர்வெல்லுடையது ஆழத்து விரிசலில் ஓடுவது. இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஏரி தூர்வாருவதில் எல்லோருக்கும் ஆசை. ஒரு ஏக்கரில் ஓரடி வண்டல் எடுத்தால் சுமார் 435 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) மண், கிடைக்கும் கொள்ளளவு 12.3 லட்சம் லிட்டர். ஆனால் வரத்து வாய்க்கால் வீட்டுமனையாகிக் கிடக்கும்போது ஏரியை ஆழப்படுத்துவது வீண்செலவு. ஆகவே வரிசை இதுதான்: வாய்க்கால், கலிங்கு (உபரிநீர் வழியும் இடம்), மதகு, கடைசியில் வண்டல். கரையின் உள்பக்க அடியை ஒட்டித் தோண்டவே கூடாது. ஏரி நிரம்பி நீர் சட்டென்று இறங்கும்போது கரை சரியும்.

நீரை நிலத்தடிக்குள் இறக்கும் மீள்நிரப்புக் குழிகளுக்கு இடம் தேர்வதிலும் அவசரம் ஆகாது. சாயக்கழிவு கலக்கும் ஓடையோரத்தில் போர்வெல் வழியாக நீரை உள்ளே விடுவதை வாரியம் முதல் தீர்மானத்திலேயே தடைசெய்ய வேண்டும். பாறை விரிசலுக்குள் இறங்கிய சாயக்கழிவின் உப்பை வெளியே எடுக்க அநேகமாக வழி கிடையாது. கூரைமழை நீர் என்றால் வடிகட்டித் தாராளமாக விடலாம்.