நினைவகத்துக்கு ஒரு காவல்: நுண்கட்டுப்படுத்திக்குள் வழு தேடும் முறை

மட்டக்களப்பு மாவட்டத்தின் உன்னிச்சைக் குளத்தைப் போன்ற ஒரு குளத்தின் அணைக்கட்டில், நுண்கட்டுப்படுத்தி என்னும் சிறு கணினிச் சில்லால் இயங்கி நீர்மட்டம் அளக்கும் கருவியொன்று பொருத்தப்பட்டிருப்பதாகக் கொள்வோம். மீயொலி உணரியால் மட்டத்தை அளந்து, அதை எழுத்துத் தொடராக மாற்றி, வட்டவிதானையின் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புவதும், மட்டம் எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை ஒலி எழுப்புவதும் அதன் வேலை. கோடை முழுவதும் அது குறையின்றி இயங்குகிறது. மாரியில் குளம் நிரம்பி வான் பாயும் தறுவாயில், குறுஞ்செய்திகள் ஒழுங்காக வந்துகொண்டிருக்க, எச்சரிக்கை மட்டும் ஊமையாகிவிடுகிறது.

காரணம் ஒரேயொரு பைட்டு. "9.75" என்ற தொடருக்கு நான்கு எழுத்துகளும், சி மொழி அதன் இறுதியில் முடிவுக்குறியாக இடும் சுழியமுமாக 5 பைட்டுகள் போதும்; செய்நிரலை எழுதியவரும் 5 பைட்டுகளையே ஒதுக்கியிருந்தார். மட்டம் 10 அடியைத் தொட்டதும் "10.00" என்ற தொடருக்கு 6 பைட்டுகள் தேவைப்படுகின்றன. ஆறாவது பைட்டான அந்தச் சுழியம், ஒரே கட்டமைப்பில் அடுத்ததாக இருந்த 'எச்சரிக்கை இயங்குகிறதா' என்ற மாறியின் (பெறுமானமொன்றைத் தாங்கும் நினைவக இடத்தின்) மேல் போய் விழுந்து, அதிலிருந்த 1 என்ற பெறுமானத்தை 0 ஆக்கிவிடுகிறது. ஒரு வயலின் வரம்பு உடைந்தால் அயல் வயலின் பயிர் அழுகுவதைப் போல, தவறு ஒரு மாறியிலும் சேதம் இன்னொரு மாறியிலும் நிகழ்கின்றன. எச்சரிக்கை தொடர்பான வரிகளை எத்தனை முறை வாசித்தாலும் அங்கே எந்த வழுவும், அதாவது செய்நிரல் பிழையும், தென்படாது. ஏனெனில் அங்கே வழு இல்லை.

இத்தகைய வழுக்களைத் தேட, செய்நிரலின் இடையிடையே அச்சிடும் கட்டளைகளைச் சேர்த்துத் தொடர் இணைப்பு வழியே பார்ப்பதே பலரின் வழக்கம். எளிய சிக்கல்களுக்கு அது போதும். நினைவகச் சிக்கல்களுக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது: சேர்க்கப்படும் ஒவ்வொரு கட்டளையும் இயங்கும் நேரத்தை மாற்றுகிறது, மாறிகளின் இருப்பிடங்களையும் சில வேளைகளில் நகர்த்துகிறது, தேடப்படும் வழு அதனாலேயே மறைந்துவிடக்கூடும்.

இன்றைய நுண்கட்டுப்படுத்திகள் பலவற்றில், செயலிக்குப் பக்கத்திலேயே வழுநீக்கலுக்கெனத் தனிச் சுற்று அமைந்திருக்கிறது. ஆர்ம் கோர்டெக்ஸ் எம் வகைச் சில்லுகளில், கடிகாரத்துக்கு ஒன்றும் தரவுக்கு ஒன்றுமாக இரண்டே கம்பிகளால் இச்சுற்றை அணுகலாம். இது நினைவகத்தைச் செயலியின் துணையின்றித் தன் சொந்த வழியால் படிக்க வல்லது என்பதால், செய்நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மாறியின் பெறுமானத்தைக் கணினித் திரையில் காட்ட முடிகிறது. எந்த முகவரியில் எந்த மாறி இருக்கிறது என்பதை, செய்நிரலை இயந்திர மொழியாக்கும் தொகுப்பி உருவாக்கிய குறியீட்டு அட்டவணையிலிருந்து மென்பொருள் அறிந்துகொள்கிறது. முன்பு தனி மென்பொருளாக இருந்த இவ்வசதியை 2022 இல் வெளியான, ஆர்டுயினோ பலகைகளுக்குச் செய்நிரல் எழுத உதவும் ஆர்டுயினோ ஐடிஇ 2 மென்பொருள் தொடக்கநிலைப் பயனர்களின் திரைக்கே கொண்டுவந்தது.

ஓடும்போதே படிப்பதன் பெறுமதி வான்கதவை இயக்கும் மோட்டாரில் விளங்கும். குறித்த வரியை அடைந்ததும் செயலியை நிறுத்தும் நிறுத்தப்புள்ளி ஒன்றில் செயலி நின்றாலும் மோட்டாருக்குத் துடிப்பு அனுப்பும் நேரக்கணிப்பி, வேறுவிதமாக அமைக்கப்படாவிட்டால், தொடர்ந்து ஓடும். கதவு எல்லைவரை வந்துவிட்டதைக் கவனித்து நிறுத்த வேண்டிய செய்நிரலோ உறைந்து கிடக்கும். இயந்திரம் இணைந்திருக்கும்போது நிறுத்தப்புள்ளியைத் தொடாதிருப்பதே நல்லது.

குளத்துக் கருவியின் வழுவைப் பிடிக்க உதவுவது காவற்புள்ளி. கோர்டெக்ஸ் எம்3 இல் இதற்கென 4 ஒப்பீட்டுச் சுற்றுகள் வரை உள்ளன. எச்சரிக்கை மாறியின் முகவரியை அவற்றில் ஒன்றில் எழுதி, 'இங்கே எவரேனும் எழுதினால் நிறுத்து' என்று பணித்துவிட்டு, உணரியின் அளவுக்குப் பதிலாக 10 அடி என்ற பெறுமானத்தைக் கொடுத்தால் போதும். வன்பொருளே ஒப்பிடுவதால் செய்நிரலின் வேகம் சற்றும் குறையாது. அந்த முகவரியில் எழுதப்பட்டு ஓரிரு கட்டளைகளுக்குள் செயலி நின்றுவிடும். நின்ற இடம் பெரும்பாலும் எண்ணை எழுத்தாக்கும் நூலகச் செயற்பாடாக இருக்கும். அதை அழைத்தது யார் என்று அழைப்பு வரிசையில் ஒரு படி மேலே பார்த்தால், 5 பைட்டு ஒதுக்கிய வரி கண்முன் நிற்கும்.

செயற்பாடுகள் தம் தற்காலிகத் தரவை வைக்கும், அடுக்கு எனப்படும் நினைவகப் பகுதி தனிக் கவனத்துக்குரியது. ஆர்டுயினோ யூனோ ஆர்3 பலகையில் இருப்பது 2 கிலோபைட்டு ரேம். தொகுத்து முடிந்ததும் திரையில் தோன்றும் நினைவகக் கணக்கு பொதுமாறிகளை மட்டுமே சொல்கிறது. செயற்பாடுகள் ஒன்றையொன்று அழைக்கும்போது அடுக்கு எவ்வளவு வளரும் என்பது ஓடும்போதுதான் தெரியும். அதை அளக்க, தொடக்கத்திலேயே அடுக்கு முழுவதையும் ஒரே பெறுமானத்தால் நிரப்பிவிட்டு, பின்னர் எதுவரை அது அழிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ் என்னும் இயங்குதளம் இதையே செய்கிறது. இந்த அளவை முழுதாக நம்பிவிடக்கூடாது. அது இதுவரை நேர்ந்த உச்சத்தையே காட்டும். ஆழமான அழைப்புக்கு நடுவே ஓர் இடையீடு (செயலியை இடைமறித்து வேறு வேலைக்கு அழைக்கும் வன்பொருள் சமிக்ஞை) வந்தால் அடுக்கு இன்னும் வளரும். பெரிய தரவு அணியொன்றை ஒதுக்கிவிட்டு அதில் எதையும் எழுதாத செயற்பாடு, தான் பிடித்த இடத்தின் தடயத்தையே விட்டுவைக்காது.

இதற்கு நம்பகமான தீர்வு வன்பொருளில் இருக்கிறது. கோர்டெக்ஸ் எம்33 செயலியில் அடுக்கின் எல்லையைக் குறித்துவைக்கத் தனிப் பதிவகங்கள் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) உள்ளன. அடுக்கின் நுனியைக் காட்டும் அடுக்குச் சுட்டி அந்த எல்லையைத் தாண்ட முயன்றவுடனேயே செயலி பிழையை எழுப்பும், அயல் மாறிகள் தப்பிவிடும். 2024 இல் வெளிவந்த ராஸ்பெரி பை பீகோ 2 பலகையில் இச்செயலியும் 520 கிலோபைட்டு ரேமும் கிடைக்கின்றன. மாணவர் செயற்றிட்டங்களுக்கு இப்போது பலகை வாங்குபவர்களுக்கு, கூடுதல் நினைவகத்தைவிட இந்த எல்லைப் பதிவகங்களே பெரிய இலாபம் என்பது என் கருத்து.

குளக்கரையில் பொருத்திய கருவியோடு கணினியை இணைத்து வைத்திருக்க முடியாது. எனவே பிழை நேர்ந்த கணத்தைக் கருவியே பதிந்துகொள்ள வேண்டும். கோர்டெக்ஸ் எம் செயலி, பிழை நேர்ந்தால் ஓடும் செய்நிரல் பகுதியான பிழைக் கையாளியினுள் நுழையும்போது, எந்தக் கட்டளையில் நின்றது என்பது உட்பட 8 பதிவகங்களைத் தானாகவே அடுக்கில் சேமிக்கிறது. அவற்றை, மீள்தொடக்கத்தில் அழிக்கப்படாத ஒரு ரேம் பகுதிக்கு நகர்த்திவிட்டால், மின் துண்டிக்கப்படாதவரை அவை அங்கேயே இருக்கும். கருவி மீண்டும் எழுந்ததும் அடுத்த குறுஞ்செய்தியில் அந்த முகவரியை அனுப்பலாம். முகவரியைச் செய்நிரல் வரியாக மாற்ற, கருவியில் ஏற்றிய அதே தொகுப்பின் குறியீட்டு அட்டவணை தேவை. பின்னர் ஒரு வரி திருத்தித் தொகுத்த கோப்பு வேறோர் இடத்தைக் காட்டும் என்பதால், களத்துக்குச் செல்லும் ஒவ்வொரு பதிப்பின் கோப்பையும் திகதியிட்டுத் தனியே வைத்திருக்க வேண்டும்.