ஏற்காட்டுப் பனியும் ஒளிய முடியாத விண்கப்பலும்

"விண்வெளிக் கதை ஒன்றில், இன்ஜினையும் விளக்கையும் அணைத்துவிட்டு இருட்டில் பதுங்கும் வில்லனின் கப்பலை ஹீரோவால் கண்டுபிடிக்க முடியவில்லை. நிஜத்தில் அப்படி ஒளிய முடியுமா? அவன் பூமியின் தண்ணீரைத் திருட வருகிறானாம். அவ்வளவு தூரம் வந்து தண்ணீரா?" சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து பிளஸ் ஒன் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்குச் சீக்கிரம் பதில் சொல்லிவிடலாம். வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில், பனிப் பாளத்துக்கு அடியில் பூமியின் கடல்களைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் இருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள். சனியின் வளையங்கள் பெரும்பாலும் தண்ணீர்ப் பனிக்கட்டிதான். அதையெல்லாம் தாண்டி வந்து, விநாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் கொடுத்தால்தான் ஈர்ப்பைவிட்டு வெளியேற முடிகிற பூமியில் வந்து யாரும் குடத்தை நிரப்ப மாட்டார்கள். இரும்புக்காகக் கஞ்சமலைக்கும் வர மாட்டார்கள், விண்கற்களிலேயே வேண்டிய மட்டும் கிடைக்கும்.

முதல் கேள்விதான் எனக்குப் பிடித்தது. வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்காது என்று எல்லோரும் சொல்லிக்காட்டுகிறார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை வெப்பத்தில் இருக்கிறது. வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்று வழிகளில் பரவும் எனப் பள்ளியில் படித்தோம். சுற்றிலும் காற்றே இல்லாத கப்பலுக்கு முதல் இரண்டு வழிகளும் அடைபட்டுவிடும். மிச்சம் கதிர்வீச்சு மட்டும்.

கதிர்வீச்சால் ஒரு பொருள் எப்படிக் குளிர்கிறது என்று பார்க்க, ஜனவரி மாதத்து விடியற்காலையில் ஏற்காட்டுக்கு வாருங்கள். மேகமில்லாத, காற்று அசையாத இரவாக இருந்திருக்க வேண்டும். திறந்தவெளியில் நிறுத்திய பைக்கின் சீட் தொப்பலாக நனைந்திருக்கும். விரலால் ஒரு கோடு இழுத்தால் தண்ணீர் திரண்டு ஓரத்தில் சொட்டும். நாலடி தள்ளி, சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்திய பைக்கின் சீட் காய்ந்து கிடக்கும். "பனி பெய்யுது, தலையில துண்டைக் கட்டு" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். மேலேயிருந்து விழுந்த பனியை மரம் குடையாகத் தடுத்துவிட்டது என்றுதான் நமக்கும் தோன்றும்.

ஆனால் பனி விழுவதில்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் இரவில் தோட்டத்தில் கம்பளித் துணுக்குகளை வைத்து, காலையில் எடை போட்டுப் பார்த்தார். ஒன்றைத் திறந்தவெளியிலும், இன்னொன்றை மேல்புறம் திறந்த மண்குழாய்க்குள்ளும் வைத்தார். பனி மேலிருந்து விழுவதாக இருந்தால் இரண்டும் ஒரே அளவு நனைந்திருக்க வேண்டும். குழாய்க்குள் இருந்தது மிகக் குறைவாகவே நனைந்தது. காரணத்தை 1814இல் நூலாகவே எழுதினார்.

நடப்பது இதுதான். பைக் சீட் இரவு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வானம் திருப்பித் தருவது அதைவிடக் குறைவுதான். கொடுத்தது அதிகம், வாங்கியது குறைவு என்பதால் சீட் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோய், காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் நீராகப் படிகிறது. மரத்தடியிலோ இலைகள் தங்கள் பங்குக்குக் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன, சீட்டுக்கு அவ்வளவு நஷ்டமில்லை. சீட் இழந்த வெப்பத்தில் ஒரு பகுதி காற்று மண்டலத்தைக் கடந்து நேரே விண்வெளிக்கே போய்விடுகிறது. ஒரு பைக் சீட் விண்வெளியோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறதே என்று அந்தக் குளிரிலும் நான் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

வில்லனின் கப்பலும் இதையேதான் செய்தாக வேண்டும். உள்ளே ஆட்கள் உயிரோடு இருக்க 20, 25 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெளியே பின்னணி வானம் மைனஸ் 270 டிகிரி. விளக்கை அணைத்தாலும் கப்பல் அகச்சிவப்பில் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கும். அகச்சிவப்பில் பார்க்கும் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிக்கு ஐந்தடுக்குத் திரை கட்டியதே, சூரியச் சூடு படாமல் காத்துக் கருவிகளைக் குளிராக வைக்கத்தான். கருவியே சூடாக இருந்தால் அதன் ஒளியிலேயே அதன் கண் கூசிவிடும்.

சரி, கப்பல் வெளியேற்ற வேண்டிய வெப்பம் 1000 மெகாவாட் என்று வைத்துக்கொள்வோம். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு வெப்பத்தைக் கழிக்கக் காவிரித் தண்ணீர் இருக்கிறது. கப்பலுக்கு இருப்பதெல்லாம் ரேடியேட்டர் தகடு மட்டுமே. 27 டிகிரியில் ஒரு சதுர மீட்டர் தகடு இருபுறமும் சேர்த்துச் சுமார் 920 வாட்டைத்தான் வெளியேற்றும். அப்படியானால் ஏறக்குறைய 270 ஏக்கர் தகடு வேண்டும்! தகட்டை 327 டிகிரிக்குச் சூடாக்கினால் 17 ஏக்கர் போதும், ஏனென்றால் கெல்வின் கணக்கில் (இங்கே 300இலிருந்து 600) வெப்பநிலை இரட்டித்தால் கதிர்வீச்சு 16 மடங்காகும். 927 டிகிரியில் சுமார் ஒரு ஏக்கர். ஆனால் அப்போது அது கொல்லுப்பட்டறை இரும்புபோலச் சிவந்து வெறும் கண்ணுக்கே தெரியும்.

தகடுகளை மடக்கிவிட்டு, வெளிப்புறத்தைக் கண்ணாடிபோலப் பளபளப்பாக்கினால் என்ன? கதிர்வீச்சு குறையும். அதே காரணத்தால் கப்பல் ஒரு பிளாஸ்க் ஆகிவிடும். உள்ளே இருப்பவர்கள் பிளாஸ்கிலிருக்கும் காபிபோலச் சூட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். பதுங்கியிருக்கும் நேரத்துக்கு அந்த வெப்பத்தை எங்காவது கொட்டியாக வேண்டும். கொட்ட நல்ல இடம் பனிக்கட்டி. ஒரு கிலோ உருக 334 கிலோஜூல் தேவை. 1000 மெகாவாட் கப்பல் ஆயிரம் டன் பனிக்கட்டியை ஐந்தரை நிமிடத்தில் உருக்கிவிடும்.

ராக்கெட் இன்ஜினுக்குக் கல்லூரி வாசலில் பேனர் வைக்கிறோம், வெப்பத்தைக் கழிக்கும் பொறியியலுக்கு யாரும் வைப்பதில்லை. சேலத்துக் கல்லூரி ஒன்றுக்கு நல்லதொரு வெற்றிட அறை கட்டிக்கொடுக்க அரசு பணம் ஒதுக்கினால் நான் மிகவும் மகிழ்வேன். தகடும் பூச்சும் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றுகின்றன என்று பிள்ளைகள் கையாலேயே அளந்து பார்க்க வேண்டும்.

அப்புறம், அந்தக் கதாசிரியரிடம் சொல்ல ஒன்று உண்டு. வில்லன் தண்ணீருக்காகவே வரட்டும், பூமிக்கு வேண்டாம், சனியின் வளையத்துக்கு வரட்டும். அவனுக்கு அது வேண்டியது குடிக்க அல்ல, ஒளிய. எவ்வளவு பனிக்கட்டி ஏற்றுகிறானோ அவ்வளவு நிமிடம்தான் அவனால் தகடுகளை மடக்கி வைத்திருக்க முடியும். ஹீரோ அவனைத் தேடி அலைய வேண்டாம். வளையத்தருகே தொலைநோக்கியைத் திருப்பி வைத்துக்கொண்டு, அவன் தகடுகளை விரிக்கும் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.