மழைக்கு முன்னால் வண்டியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள்: டெல்டாவில் பட்டறை வைத்திருப்பவன் சொல்வது

சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கை நம்பி, "இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் பாக்கி இருக்கேண்ணே, அதுக்குள்ள எப்படி இப்படி ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே பைக்கைத் தள்ளிக்கொண்டு வருபவர்களை ஒவ்வொரு ஐப்பசியிலும் பார்க்கிறேன். என் பட்டறை மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது. இங்கே ஒரு வண்டி நாள் முழுக்க ஓடினாலும் வீடு, வயல், கடைத்தெரு, கொள்முதல் நிலையம், திரும்ப வீடு, அவ்வளவுதான். மீட்டரில் பெரிதாக ஒன்றும் ஏறாது. ஆனால் அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் மடைத் தண்ணீர், வரப்புச் சேறு, பின்னால் நெல் மூட்டை, கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக் காற்று என்று எல்லாவற்றையும் வண்டி வாங்கிக்கொள்கிறது. அதனால் டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கிலோமீட்டரை விட்டுவிட்டுப் பருவத்தைப் பார்த்து வண்டியைக் கவனியுங்கள். மேட்டூர் திறந்து நடவு முடிந்ததும் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன் புரட்டாசியில் ஒருமுறை, அறுவடை முடிந்ததும் ஒருமுறை. இதில் பாதி வேலையை நீங்களே வீட்டில் செய்துகொள்ளலாம், பட்டறைக்கு வரவே வேண்டாம்.

முதலில் பிரேக். மற்றது எதில் அசட்டையாக இருந்தாலும் இதில் இருக்காதீர்கள். நடவு சீசன் முடிந்து வரும் வண்டிகளின் பின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தால், நம் ஊர் வண்டல் சேறு லைனர் (பிரேக் பிடிக்கும்போது உரசித் தேயும் பட்டை) தூளோடு கலந்து சந்தனம் அரைத்துப் பூசியது போல உள்ளே படிந்திருக்கும். ஈரமாக இருக்கும்வரை பிரேக் வழுக்கும். காய்ந்துவிட்டால் கரகரவென்று டிரம்மை அறுக்கும். அதைவிட மோசம், லைனர் ஒட்டிய ஷூவை விரிக்கும் கேம் கட்டை அதன் துளைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகுவது. மிதித்தால் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது. சக்கரம் இறுகிச் சூடேறிக்கொண்டே ஓடும், ஓட்டுபவர் மைலேஜ் குறைகிறது என்று கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

இதைக் கண்டுபிடிக்கச் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். டிரம் பிரேக்கில் வெளியே இருக்கும் ஆர்ம் ஓரத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும், அதற்கு எதிரே பிளேட்டில் ஒரு கோடு அல்லது குறி இருக்கும். ஒருவரை விட்டுப் பிரேக்கை முழுசாக மிதிக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து பாருங்கள். அம்பு அந்தக் குறிக்கு வந்துவிட்டால் ஷூ முடிந்துவிட்டது, மாற்றியாக வேண்டும். அதற்கு மேலும் பின் ராடில் இருக்கும் நட்டைத் திருகித் திருகி டைட் பண்ணிக்கொண்டே போகிறவர்கள் நிறைய பேர். அப்படிப் போனால் ஒருநாள் கேம் அளவுக்கு மீறித் திரும்பிச் சிக்கிக்கொண்டு ஓடும்போதே சக்கரம் நின்றுவிடும். மூட்டையோ பிள்ளையோ பின்னால் இருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகள் பெரும்பாலானவற்றில், ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதில் பின்பக்கத்தை மட்டும் இஷ்டத்துக்கு டைட் பண்ணினால் முன்னும் பின்னும் உள்ள பங்கீடு கெட்டுப்போகும். அந்த மாதிரி வண்டியில் அட்ஜஸ்ட்மென்டைப் பட்டறையில் விட்டுவிடுங்கள். தண்ணீருக்குள் இறங்கி ஏறிய பிறகு, மெதுவாக ஓட்டிக்கொண்டே இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்துக் கொஞ்ச தூரம் போனால் ஈரம் காய்ந்துவிடும். இது எந்த வண்டிக்கும் பொருந்தும், காசும் கிடையாது.

அடுத்தது டேங்கில் தண்ணீர். மழைக்காலத்தில் என்னிடம் வருகிற "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுண்ணே" கேஸ்களில் பெரும்பாலானவை இதுதான். மூடி டேங்கோடு மட்டமாகப் பதிந்திருக்கிற வண்டிகளில், மூடியைத் திறந்ததும் வாயைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். மழைத் தண்ணீர் அது வழியாக டியூபில் இறங்கிக் கீழே போய்விட வேண்டும். அதில் சேறோ தூசியோ அடைத்துக்கொண்டால் தண்ணீர் அங்கேயே தேங்கி, மூடியின் ரப்பர் கொஞ்சம் இறுகிப் போயிருந்தாலும் நேரே டேங்குக்குள் இறங்கிவிடும். மெல்லிய கம்பி விட்டு அதைச் சுத்தம் பண்ணுங்கள், துளி பெட்ரோல் விட்டால் கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள்.

இப்போது பங்கில் போடுகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். கொஞ்சம் ஈரம் என்றால் தன்னோடு கரைத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்காரும். அடியில் இருந்துதானே என்ஜினுக்குப் போகிறது, வண்டி எப்படி ஓடும்? சந்தேகம் இருந்தால் கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் தேங்கும் பவுலின் அடியில் உள்ள டிரெயின் ஸ்குருவைத் தளர்த்தி, வருவதை ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் தனியாக ஒரு படலம் கோடு போட்டு நிற்கும், பாட்டிலைச் சாய்த்தால் அது மட்டும் உருண்டு ஓடும். அப்படித் தெரிந்தால் டேங்கையே காலி பண்ண வேண்டும். இந்த வேலையைத் திறந்த வெளியில், என்ஜின் ஆறிய பிறகு, அடுப்பும் பீடியும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் கை வைக்க வேண்டாம், அதில் பெட்ரோல் லைனில் பிரஷர் இருக்கும்.

இதோடு சேர்த்து மூடியில் உள்ள காற்றுத் துளையையும் பாருங்கள். வண்டி கொஞ்ச தூரம் நன்றாக ஓடித் திணறி நிற்கிறது, மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கிறது, மூடிவிட்டு அடித்தால் மறுபடி ஓடுகிறது என்றால் கோளாறு அந்தத் துளையில்தான். கார்புரேட்டரைப் பிரித்துப் பணம் செலவு பண்ணத் தேவையில்லை.

சரி, தண்ணீருக்குள் வண்டி முழுகிவிட்டால்? தயவுசெய்து ஸ்டார்ட் பண்ணாதீர்கள். செல்ஃபைத் தொடவே தொடாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, அந்த வேகத்தில் கனெக்டிங் ராடு வளையும். வெறுமனே நனைந்த என்ஜினைக் காப்பாற்றிவிடலாம், ராடு வளைந்த என்ஜினை முழுசாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, சாவி ஆஃபில் இருக்க, கிக்கரை மெதுவாக மிதியுங்கள். பிளக் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி வந்தால் வருவது நிற்கும்வரை மிதிக்கலாம். பிறகு என்ஜின் ஆயிலைப் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது, முழுசாக இறக்கிப் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அதையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். பேப்பர் ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் காயவைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், மாற்றிவிடுங்கள். நுரை ஃபில்டர் என்றால் அலசிக் காயவைத்துப் போடலாம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்து வண்டிகளில் மறக்க முடியாத ஒன்று பார்த்தேன். கடல் தண்ணீர் பட்ட வண்டிகள் வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, நாள் கழித்து, வயர்களை இணைக்கும் கப்ளரைப் பிரித்தால் உள்ளே இருக்கும் உலோகப் பின் எல்லாம் பச்சை பூத்திருக்கும். உப்புத் தண்ணீர் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, கப்ளர்களைக் கழற்றித் துடைத்துவிடுங்கள். வயரிங் கோளாறு பல மாதம் கழித்துத்தான் தலைகாட்டும், அப்போது காரணம் கண்டுபிடிப்பது எங்களுக்கே பெரும்பாடு.

செயின் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபமே வரும் ஒரு பழக்கம் இருக்கிறது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, என்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டுச் சுற்றுகிற செயினில் துணியை வைத்துத் துடைக்கிறார்கள். துணி செயின் ஓடும் பல்சக்கரத்தில் (ஸ்பிராக்கெட்) மாட்டினால் கையை இழுக்க நேரம் கிடைக்காது. எங்கள் பக்கத்தில் ஒரு பையனுக்கு இரண்டு விரல் நுனி போனது இப்படித்தான், வேலை தேடிக்கொண்டிருந்த வயசு. என்ஜின் ஆஃபில், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் துடையுங்கள். மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் போதும், ஓ-ரிங் செயின் (இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ளது) என்றால் கம்பி பிரஷ் மட்டும் கூடாது. துடைத்துக் காய்ந்த பிறகு 90 நம்பர் கியர் ஆயிலை உள்பக்கமாகச் சொட்டுவிட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வண்டியில் இறக்கிய பழைய என்ஜின் ஆயிலைச் செயினுக்கு விடுகிறவர்கள், அதில் இருக்கும் இரும்புத் தூளையும் சேர்த்தே விடுகிறார்கள்.

டைட் பார்க்கும்போது சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், ஏனென்றால் செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேயாது. அதிகமாக இறுகியிருக்கிற இடத்தை வைத்துத்தான் தளர்வை வைக்க வேண்டும். பெரும்பாலான 100 சிசி வண்டிகளில் நடுவில் விரலால் தூக்கி இறக்கினால் 20-லிருந்து 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். மூட்டை ஏற்றுகிறவர்கள் சத்தம் வருகிறதென்று இறுக்கிவிடுகிறார்கள். பாரம் ஏறியதும் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலே போய்ச் செயின் இன்னும் இறுகும், கியர்பாக்ஸ் பேரிங் வீணாகும். மூட்டை வண்டியில் ஸ்போக்ஸையும் மறக்காதீர்கள். சின்ன ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல கம்பி கணீரென்று கேட்கும், தளர்ந்த கம்பி டொக்கென்று கேட்கும். டொக் என்று கேட்டால் கொண்டுவாருங்கள், அதைச் சரியாக இறுக்கச் சக்கரத்தைக் கோட்டம் பார்த்தாக வேண்டும்.

சேறு காய்ந்து வரும் சில்லறைத் தொல்லை ஒன்று, அதற்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். புது வண்டிகளில் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் என்ஜினை ஓடவிடாத ஸ்விட்ச் உண்டு. வயல் சேறு அதில் ஒட்டிக் காய்ந்தால், ஸ்டாண்டை எடுத்த பிறகும் போட்டிருப்பதாகவே வண்டி நினைக்கும். நியூட்ரலில் ஓடும், கியர் போட்டதும் ஆஃப் ஆகும். சில வண்டிகளில் ஸ்டார்ட்டே ஆகாது. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி ஸ்டாண்டை நாலுமுறை ஏற்றி இறக்குங்கள். ஹேண்டில்பாரில் உள்ள சிவப்பு ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள், பிள்ளைகள் விளையாட்டில் அமுக்கியிருப்பார்கள்.

அறுவடை நேரத்தில் ரோட்டில் பரப்பிய வைக்கோல் மேல் ஓட்டிவிட்டு வந்தால், வீட்டுக்கு வந்ததும் குனிந்து, என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப்பையும் என்ஜின் அடியையும் பாருங்கள். அங்கே சிக்கிய வைக்கோல் சூட்டில் புகையும், பெட்ரோல் கசிவும் இருந்தால் தீப்பிடிக்கும். வீல் பக்கத்தில் அச்சைச் சுற்றி இறுகிய வைக்கோல் ஆயில் சீலைக் கிழிக்கும். அப்புறம் எலி. வயல் வெறுமையானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும், ஏர் ஃபில்டர் பெட்டி அதற்கு வசதியான இடம். வாரக்கணக்கில் நிறுத்திய வண்டியை அடிப்பதற்கு முன் ஃபில்டர் மூடியையும் ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள வயர்களையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஆயில் மாற்றுவதை வீட்டில் செய்யலாம், தடையில்லை. ஆனால் டப்பாவில் ஜாஸோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பைக்கில் கிளட்ச் அந்த ஆயிலுக்குள்ளேயே முழுகி ஓடுகிறது, கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் நழுவும். டிரெயின் போல்ட்டை வெறி பிடித்தாற்போல் இறுக்காதீர்கள். அடியில் இருப்பது அலுமினியம், மரை போனால் எளிதில் சரியாகாது. பிளக்கும் அப்படித்தான்: முதல் சில சுற்றைக் கையாலேயே போடுங்கள், கை நின்ற பிறகு புதுப் பிளக்குக்கு அரைச் சுற்று ஸ்பானர் போதும். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் பளபளப்புக்காக டீசல் அடிக்கச் சொல்லாதீர்கள், ரப்பர் எல்லாம் ஊறிப்போகும், பிரேக் டிரம்முக்குள்ளும் இறங்கும்.

டிஸ்க் பிரேக் ஆயில், ஏபிஎஸ், முன் ஃபோர்க், இன்ஜெக்‌ஷன் சென்சார் இவற்றை யூடியூப் பார்த்துப் பிரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் திறமை இல்லை என்பதால் சொல்லவில்லை. டிஸ்க் லைனில் ஒரு குமிழ் காற்று நின்றால் லீவர் கையோடு வந்துவிடும், அது தெரியவருவது லாரிக்குப் பின்னால் பிரேக் பிடிக்கும்போதுதான். டிஸ்க் ஆயிலும் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

பட்டறைக்கு வரும்போது "ஓடமாட்டேங்குது" என்று மட்டும் சொல்லாமல், எப்போது நிற்கிறது, சூடான பிறகா ஆறியிருக்கும்போதா, மழைக்கு அப்புறமா, மூட்டை ஏற்றும்போதா என்று சொல்லுங்கள், எங்களுக்குப் பாதி வேலை குறையும். நீங்கள் இறக்கிய பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள், அந்தத் தண்ணீர்தான் அடுத்த மடைக்குப் பாய்கிறது. பழைய டப்பாவிலேயே ஊற்றி மூடி பக்கத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். நாங்கள் பேரலில் சேர்த்து வைத்து, எடுத்துப் போக வருகிறவர்களிடம் கொடுக்கிறோம்.