அந்தத் தூளை முதலில் கீழே வையுங்கள்

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கொல்லையில் ஐந்தாறு கோழி வளர்ப்பவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. போன வாரமும் ஒரு வீட்டில் கழுத்து முறுக்கி, பச்சையாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிப் பாதிக் கோழிகள் போய்விட்டன. கொடுத்த மருந்து? கடையில் வாங்கிய டெட்ராசைக்ளின் என்கிற ஆன்டிபயாட்டிக் தூள்தான், முதல் டப்பா கேட்கவில்லை என்று இரண்டாவது டப்பா வேறு.

நியூகாசில் என்கிற வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய், ஆன்டிபயாட்டிக் கேட்பது பாக்டீரியாவுக்கு. இரண்டு மடங்கு போட்டாலும், வெல்லத்தோடு கலந்து கொடுத்தாலும் அந்த வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. "போன தடவை பிழைத்ததே டாக்டர்" என்பார்கள். அது தானாகப் பிழைத்திருக்கும், இல்லையென்றால் அதற்கு வந்தது வேறு நோய். சீட்டு இல்லாமல் கடையில் கிடைப்பதால் மட்டும் ஒரு மருந்து எல்லாவற்றுக்கும் ஆகிவிடாது. மருந்து முட்டையிலும் இறங்கும், அந்த முட்டையைத்தான் காலையில் பேரப்பிள்ளைக்கு அவித்துக் கொடுக்கிறீர்கள்.

நோய் பெரும்பாலும் புதுக் கோழியோடுதான் வருகிறது. முட்டை குறைந்ததும் பண்ணைகள் கழித்துவிடும் கோழிகளைப் பிக்கப் வண்டியில் கொண்டுவந்து விற்பார்கள், மலிவுதான், ஆனால் தடுப்பூசி போட்ட கோழி நோய் காட்டாமலே வைரஸைப் பரப்பும். தயவுசெய்து மூன்று நான்கு வாரம் தனியாக வையுங்கள். தண்ணீர்ச் சட்டியும் தனி, அங்கே போட்ட செருப்போடு இங்கே வராதீர்கள்.

தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். குஞ்சில் தொடங்கி, அப்புறம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை. குப்பி நூற்றுக்கணக்கான கோழிக்கு வரும், திறந்தால் இரண்டு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும், அதனால் தெருவில் நான்கு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள். ஐஸில் வைத்துக் கொண்டுவாருங்கள். தண்ணீரில் கலப்பதாக இருந்தால் குழாய்த் தண்ணீரின் குளோரின் மருந்தைக் கொன்றுவிடும், லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் முதலில் கலக்குங்கள். குரங்குக்குப் பயந்து கம்பிவலைக்கு அவ்வளவு செலவழிக்கிறீர்கள், இதற்கு ஏன் இத்தனை யோசனை?

கோழி திடீரென்று சாகத் தொடங்கினால் உடலைப் பையில் போட்டு என்னிடம் தூக்கி வராதீர்கள், போன் செய்யுங்கள். தென்னாப்பிரிக்காவின் 1984-ஆம் ஆண்டு விலங்கு நோய்கள் சட்டப்படி இது அரசுக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள நோய், சந்தேகம் வந்தாலே அரசுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். மிச்சக் கோழிகளை அவசரமாக யாருக்கும் விற்காதீர்கள், கோயில் நேர்த்திக்கும் கொடுத்து அனுப்பாதீர்கள்.