மரத்துப்போனால் தேவலை

அழுது ஓய்ந்த ஒரு பெண் சுவரைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுக்கிறாள். கீழே தமிழில் சப்டைட்டில் ஓடுகிறது: "நான் உணர்ச்சியற்றவளாக இருக்க விரும்புகிறேன்." இதே வரியை இன்னும் எத்தனை படத்தில்தான் பார்ப்பது?

ஆங்கில மூலத்தில் உள்ள சொல் நம்னெஸ் (numbness). ('நம்' என்று மட்டும் எழுதினால் நம்முடைய 'நம்' ஆகிவிடுகிறது.) எடு, பற்று என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது, பறிபோனது என்பது அடிப்பொருள். எழுத்தில் மட்டும் இருக்கிற 'பி' பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

சரி, தமிழுக்கு வருவோம். உணர்ச்சியற்றவள் என்பது தமிழில் வசவு. ஈவிரக்கம் இல்லாதவள், கல்நெஞ்சுக்காரி என்றுதான் காதில் விழும். கண்ணோட்டம் (இரக்கம்) இல்லாதவரை மண்ணோடு இயைந்த மரம் என்று திட்டுகிறது குறள் (576). அந்தப் பெண் அப்படி ஆகவா ஏங்குகிறாள்? வலி தாங்காமல் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாமல் இருந்தால் போதும் என்கிறாள்.

கலைச்சொல் ஆக்குபவர்கள் 'உணர்வின்மை' என்பார்கள். இன்மை என்றால் இல்லை, அவ்வளவுதான். முன்பு இருந்ததா, எப்படிப் போனது என்பதெல்லாம் அதில் கிடையாது. மயங்கிக் கிடப்பவருக்கும் உணர்வில்லை, பாறைக்கும் உணர்வில்லை. நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற சொல் மரத்துப்போதல். அதில் அந்தப் 'போதல்' இருக்கிறதே, அதில்தான் விஷயம். பல் பிடுங்குமுன் ஈறில் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பாருங்கள், யாருடைய உதட்டையோ தொடுவது போல இருக்கும். சப்பணமிட்டு நெடுநேரம் இருந்து எழுந்தால் கால் இருக்கிற இடம் தெரியாது. அப்புறம் சுருக் சுருக்கென்று ஊசி குத்தும். இருந்தது போயிருக்கிறது, திரும்பியும் வரலாம். பறிபோனது என்ற ஆங்கில அடிப்பொருளுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறென்ன சொல் வேண்டும்?

அது உடம்புக்கான சொல், மனசுக்குச் சொன்னால் கொச்சை என்று ஒரு ஆட்சேபம் உண்டு. ஆங்கிலச் சொல்லும் விறைத்த கைகாலுக்குச் சொன்னதுதான். "மனசு மரத்துப்போச்சு" என்று சொல்லாத வீடும் இல்லை. பெயர்ச்சொல்தான் வேண்டுமென்றால் 'மரப்பு' இருக்கிறது. ('திமிர்' என்பதற்கும் இந்தப் பொருள் உண்டு. ஆனால் மனத்திமிர் என்றால் அடிக்க வருவார்கள்.)

இன்னொரு தொல்லை அந்த 'விரும்புகிறேன்'. காப்பி வேண்டுமா என்று கேட்டால் சொல்லும் பதில் அது. தமிழில் ஏக்கம் பெரும்பாலும் கேள்வியாக வரும்: "இந்த மனசு மரத்துப்போகக் கூடாதா?" இல்லையென்றால், "மரத்துப்போனால் தேவலை." சப்டைட்டிலில் இடமும் மிச்சம்.

போன வாரம் ஒரு படத்தில் ஒருவழியாகச் சரியான சொல்லைப் போட்டிருந்தார்கள். வல்லின 'ற' போட்டு, 'மறத்துப்போச்சு' என்று.