மேனேஜ்ட் ஸ்விட்ச்: தமிழில் என்ன பெயர்?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் நெட்வொர்க் ஸ்விட்ச் கேட்டால் முதல் கேள்வி ‘எத்தனை போர்ட்?’ (கேபிள் செருகும் துளை), அடுத்தது ‘மேனேஜ்டா, சாதாவா?’. கடைக்காரர் கன்னடத்தில் தொடங்கி இந்தியில் முடிப்பார், நம்மாட்கள் தமிழில் பதில் சொல்வார்கள். இந்தச் சொற்கள் மட்டும் எந்த மொழியிலும் மாறாது. தமிழில் கையேடு எழுத உட்காரும்போதுதான் சிக்கல் வருகிறது.

முதலில் பொருள். ஒரு அலுவலகத்தின் கணினி, பிரிண்டர், கேமரா எல்லாம் வந்து சேரும் பெட்டி ஸ்விட்ச். எந்த போர்ட்டில் எந்தக் கருவி இருக்கிறது என்பதை அதன் மேக் முகவரியை, அதாவது கருவிக்கென்று உள்ள அடையாள எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும். பிறகு ஒரு தகவல் வந்தால், அது போக வேண்டிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். முன்பு இதே வேலைக்கு இருந்த ஹப் என்ற பெட்டிக்கு இந்த விவரம் தெரியாது. வந்ததை எல்லாருக்கும் போட்டுவிடும். சாதா ஸ்விட்ச் இதோடு நின்றுவிடும். மேனேஜ்ட் ஸ்விட்சுக்கு நாம் உள்ளே நுழைந்து உத்தரவு போடலாம்: கணக்குப் பிரிவு தனி, விருந்தினர் வைஃபை தனி, கேமரா தனி, அந்த மூலை போர்ட்டை மூடிவிடு என்றெல்லாம்.

இனி சொல்லின் கதை. ஆங்கிலத்தில் ஸ்விட்ச் என்பது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் குதிரைச் சவாரிக்கு வைத்திருந்த மெல்லிய பிரம்பு. டச்சு மொழிப் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் முடிவில் அது தண்டவாளத்துக்குப் போய், வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அமைப்புக்குப் பெயரானது. மின்சார ஸ்விட்ச் அதற்கும் பிந்தியது. 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் முதல் வணிகத் தொலைபேசி நிலையம் திறந்தபோது, பேசுபவரின் கம்பியைக் கேட்பவரின் கம்பியோடு சேர்த்துவிட்ட பலகை ஸ்விட்ச்போர்டு. நம் பெட்டி இந்தத் தொலைபேசிக் குடும்பத்துப் பிள்ளை, விளக்கு ஸ்விட்சின் பிள்ளை அல்ல.

ஈதர்நெட் (கேபிள் வழி நெட்வொர்க் முறை) ஸ்விட்ச் என்ற பொருளை 1990இல் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தின் பெயர் கல்பனா. ஆமாம், நம்ம ஊர்ப் பெயர்தான். 1994இல் நெட்வொர்க் கருவிகள் செய்யும் அமெரிக்க நிறுவனமான சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், இந்தத் துறையின் தர ஆவணங்கள் இன்னும் இந்தப் பெட்டியை ‘பிரிட்ஜ்’, அதாவது பாலம் என்றே குறிப்பிடுகின்றன. ஸ்விட்ச் என்பது சந்தை வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது.

தமிழுக்கு வருவோம். மின் ஸ்விட்சுக்கு இலங்கையில் ‘ஆளி’ என்பது பாடப்புத்தகச் சொல். தமிழ்நாட்டில் ‘நிலைமாற்றி’, ‘சொடுக்கி’, ‘விசை’ எல்லாம் உண்டு. பிணையக் (நெட்வொர்க்) கருவிக்கும் ‘பிணைய நிலைமாற்றி’ என்று எழுதுகிறார்கள். விளக்குக்கு அது மிகச் சரி: எரியும் நிலை, அணையும் நிலை. ஆனால் பிணையப் பெட்டி எந்த நிலையை மாற்றுகிறது? அது தகவல் போகும் தடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்க ரயில்வேயில் ஸ்விட்ச் என்பதை பிரிட்டிஷ் வழக்கில் பாயிண்ட்ஸ் என்பார்கள். நம் ரயில்வேயிலும் பாயிண்ட்ஸ்மேன்தான், ஸ்விட்ச்மேன் இல்லை. ஆகவே ஸ்விட்ச் என்றாலே நமக்குச் சுவரில் இருக்கும் விளக்கு ஸ்விட்ச் மட்டும்தான் தெரிந்தது, கலைச்சொல்லும் அதை ஒட்டியே அமைந்தது.

என் கட்சி ‘தடமாற்றி’. ‘வழிமாற்றி’ என்றும் சொல்லலாம், ஆனால் ஒரு பிணையத்தை இன்னொன்றோடு இணைக்கும் ரூட்டரை ‘வழிப்படுத்தி’ என்பவர்கள் இருப்பதால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

மேனேஜ்ட் என்பதும் குதிரைக்காரச் சொல். இத்தாலிய மொழியில் மனேஜாரே என்றால் கையாளுதல், குறிப்பாகக் குதிரையை. லத்தீனில் கைக்கு மானுஸ், அதுதான் வேர். தமிழின் ‘கையாள்’ கிட்டத்தட்ட அதே கட்டுமானம். இருந்தாலும் ‘மேலாண்மைத் தடமாற்றி’ என்பதே வாசகருக்கு உடனே விளங்கும். அன்மேனேஜ்ட் என்பதை ‘மேலாண்மையற்ற’ என்று எழுதினால் ஏதோ சீர்கெட்ட ஆபீஸ் போலத் தொனிக்கிறது. கடைக்காரரின் ‘சாதா’ போதும்.

போர்ட் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கலைச்சொல் பட்டியல்களில் இது ‘துறை’. கப்பல் நிற்கும் துறைமுகத்தை நினைத்துச் செய்த மொழிபெயர்ப்பு. கருவியின் போர்ட்டோ, வாசல் என்று பொருள்படும் போர்த்தா என்ற லத்தீன் சொல்லின் வழியில் வந்தது. ‘24 துறைத் தடமாற்றி’ என்று எழுதிப் பாருங்கள், தலைமைச் செயலகத்துக்கு வாங்குவது போல இருக்கும். ‘வாயில்’ என்பதே பொருத்தம்.

இன்ஸ்டால் என்பதற்கு ‘நிறுவு’ அருமையான சொல். ஆங்கிலச் சொல்லின் உள்ளே இருப்பது ஸ்டால், நிற்கும் இடம். தேவாலயத்தில் ஒருவரை அவருக்குரிய இருக்கையில் முறைப்படி அமர்த்துவதே இன்ஸ்டால். நம் நிறுவுதலும் ‘நில்’ என்பதிலிருந்து வந்தது. நடைமுறையில் ரேக் எனப்படும் 19 அங்குலச் சட்டத்தில் ஸ்விட்சின் இரு பக்கக் காதுகளையும் (மாட்டும் தகடுகள்) திருகி மாட்டி, எர்த் கம்பி கொடுத்து, பவர் போடுவது. ரேக்கில் மாட்டும் ஸ்விட்சுகள் பல 1யூ உயரம், அதாவது ரேக்கின் ஓர் அலகு, 44.45 மி.மீ.

அப்புறம் கான்ஃபிகர், அதாவது கருவிக்குள் நம் உத்தரவுகளை எழுதுவது, தமிழில் ‘அமைவாக்கம்’. கட்டளை இடுவதற்கென்றே உள்ள கன்சோல் வாயிலில் அந்த வெளிர்நீலத் தட்டைக் கேபிளைச் செருகி, லேப்டாப்பில் வேகத்தை நொடிக்கு 9600 பிட் என வைத்தால் கருந்திரை வரும். ஒன்றும் நடக்காது. எண்டர் தட்டினால்தான் கருவி தன் பெயரைச் சொல்லும். முதல் வேலை தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுவது. பிறகு பெயர், மேலாண்மைக்கான ஐபி முகவரி, தொலைவிலிருந்து நுழையும் வழிகளில் மறையாக்கம் இல்லாத டெல்நெட்டை நிறுத்தி மறையாக்கம் உள்ள எஸ்எஸ்ஹெச், அதன் பின் விலேன்கள், அதாவது முன்பு சொன்ன ‘கணக்குப் பிரிவு தனி, கேமரா தனி’ என்ற பிரிவுகள். விலேனுக்கு ‘மெய்நிகர் உள்ளகப் பிணையம்’ என்ற தொடர் இருக்கிறது. ஒரு முறை எழுதி விளக்கிவிட்டு விலேன் என்றே தொடர்வது நல்லது.

சிஸ்கோ வகைக் கருவிகளில் ரன்னிங் கான்ஃபிக், ஸ்டார்ட்அப் கான்ஃபிக் என்று இரண்டு உண்டு. இவற்றை ‘நடப்பு அமைவு’, ‘தொடக்க அமைவு’ எனலாம். நாம் இடும் கட்டளை நடப்பில் மட்டும் ஏறும். தொடக்க அமைவில் எழுதாமல் விட்டால், பெங்களூரு மழையில் கரண்ட் ஒரு தரம் போய் வந்ததும் எந்த வாயில் எந்த விலேன் என்று பிரித்துவைத்தது எல்லாம் காணாமல் போய்விடும். இப்படி எழுதிவைக்கும் கட்டளை ‘ரைட் மெமரி’. அதனால்தான் ரேக்கை மூடும் முன் சீனியர் கேட்பார்: “ரைட் மெமரி பண்ணிட்டியாப்பா?”