பழைய கிரிப்பை (குழந்தைக் கட்டிலை) விற்பதற்கு முன்

பிள்ளைகளின் பழைய சாமான்களை விற்கும் கடைக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஈயத்தைப் பற்றித்தான். "ஒவ்வொரு பொம்மையையும் லேபுக்கு அனுப்பணுமா?" அமெரிக்காவில் 2008 ஆகஸ்டில் சிபிஎஸ்ஐஏ என்ற நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து இருக்கும் பயம் இது. அப்போது அதற்குக் காரணமும் இருந்தது. 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கான பொருள்களில் ஈயத்துக்கு வரம்பு வைத்த அந்தச் சட்டம், புதியது பழையது என்று பிரித்துப் பார்க்கவில்லை. 2009 பிப்ரவரியில் வரம்பு நடைமுறைக்கு வந்தபோது, 1985க்கு முன் அச்சான சிறுவர் புத்தகங்களைக்கூடச் சில கடைகள் அலமாரியிலிருந்து இறக்கிவிட்டன.

2011 ஆகஸ்டில் வந்த திருத்தம் இதைத் தளர்த்திவிட்டது. பயன்படுத்திய பொருள்களுக்கு மொத்த ஈய வரம்பிலிருந்து இப்போது பெரும்பாலும் விலக்கு உண்டு. உலோக நகைகளுக்கு அது கிடையாது. ஈயம் அதிகம் என்று தெரிந்தே விற்பவருக்கும் கிடையாது. பெயின்டுக்கான வரம்பும், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, அப்படியே இருக்கிறது. ஆனால் லேபில் சோதித்துச் சான்றளிப்பது தயாரிப்பாளர், இறக்குமதியாளர் பொறுப்பு. மறுவிற்பனை செய்பவரிடம் சட்டம் அதைக் கேட்கவில்லை.

கேட்பது வேறொன்று. ரீகால் ஆன பொருளை, அதாவது ஆபத்து என்று திரும்பப் பெறப்பட்டதை, சரிசெய்யாமல் விற்கக் கூடாது. அறக்கட்டளைக் கடைக்கும் இது பொருந்தும், வீட்டு வாசலில் கராஜ் சேல் போடுபவருக்கும் பொருந்தும். ஈயத்துக்குப் பயப்படும் அதே கடைக்காரர், பின்னால் சாத்தி வைத்திருக்கும் கிரிப்பைப் பற்றி வாயே திறப்பதில்லை. எனக்கு அந்த கிரிப்தான் பயம்.

1998இல் சிகாகோவில் டேனி கைசர் என்ற பதினாறு மாதக் குழந்தை, பராமரிப்பாளர் வீட்டில் மடக்கு கிரிப் ஒன்று மடங்கி விழுந்ததில் கழுத்து நெரிபட்டு இறந்துபோனான். அந்த கிரிப் ஐந்து வருடங்களுக்கு முன்பே ரீகால் ஆனது. அவன் பெயரிலேயே 2008 சட்டத்தில் ஒரு பகுதி இருக்கிறது: கிரிப், ஸ்ட்ரோலர் போன்றவற்றோடு தயாரிப்பாளர் பதிவு அட்டை தர வேண்டும், ஆபத்து தெரிந்தால் பதிந்தவருக்குத் தகவல் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அட்டையை நிரப்புவது முதலில் வாங்கியவர். பொருள் கைமாறியதும் கடிதம் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். நடுவில் நிற்கும் நீங்கள் பார்க்காவிட்டால், வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லாமல் போகலாம்.

பார்ப்பது பெரிய வேலை இல்லை. பொருளைக் கவிழ்த்துப் போட்டு ஸ்டிக்கரைத் தேடுங்கள். கிரிப் என்றால் மெத்தையைத் தாங்கும் பலகைக்கு அடியிலோ தலைமாட்டுச் சட்டத்திலோ இருக்கும். பிராண்டு, மாடல் எண், தயாரித்த தேதி மூன்றையும் குறித்துக்கொண்டு, நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் ரீகால் பட்டியலில் தேடுங்கள். பொருளைப் பளிச்சென்று காட்டுவதாக நினைத்து அந்த ஸ்டிக்கரையே வெந்நீர் விட்டுச் சுரண்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள்! என்ன மாடல் என்றே தெரியாத கிரிப்பை விற்காதீர்கள், அவ்வளவுதான்.

சிலவற்றுக்குத் தேடலே வேண்டாம். பக்கச் சட்டம் ஏறி இறங்கும் கிரிப்பை 2011 ஜூன் 28 முதல் விற்க முடியாது. கிரிப்பின் உட்பக்கத்தைச் சுற்றிக் கட்டும் பஞ்சு வைத்த பம்பர்களும், 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த தூங்கு படுக்கைகளும் 2022 நவம்பர் 12 முதல் தடை. எப்போது தயாரித்தது என்ற பேச்சே இல்லை. கிரிப்போடு பம்பரை ஃப்ரீ என்று சேர்த்துக் கொடுப்பவர்களும் உண்டு. வேண்டாம். ஃபிஷர்-பிரைஸின் ராக் 'ன் பிளே சாய்வுப் படுக்கை 47 லட்சம் 2019 ஏப்ரலில் ரீகால் ஆனது. அதற்கு அப்புறமும் அதில் குறைந்தது 8 குழந்தைகள் இறந்ததாக ஆணையம் 2023 ஜனவரியில் மறுபடி அறிவிக்க வேண்டியிருந்தது.

தொப்பிப் பகுதியில் கயிறு கோத்த ஜாக்கெட் வந்தால், கயிற்றை உருவிவிட்டு விற்கலாம். கார் சீட்டில் காலாவதித் தேதியைப் பாருங்கள். விபத்தில் சிக்கியதா என்று சொல்ல ஆள் இல்லையென்றால் தொடாதீர்கள்.

ரீகால் ஆனது என்று தெரிந்த பொருளை அப்படியே குப்பைத் தொட்டி அருகே வைக்காதீர்கள், யாராவது எடுத்துப்போய்விடுவார்கள். முதலில் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். பணமோ மாற்று பாகமோ கிடைக்கலாம், அதற்குச் சிலர் போட்டோ கேட்பார்கள். அது முடிந்த பிறகு வார்களை வெட்டி, பொருளின் சட்டகத்தை உடைத்துப் போடுங்கள்.